பெட்டிக்குள் நின்ற வரிசை

அன்று காலை பெட்டியில் நெட்டையின் இருமல் வரவில்லை.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவள் வரிசையோடு வரிசையாக நின்றிருந்தாள். சலவைக்கூடத்தின் கூரையோரம், ஆவிக்குழாய்களுக்கு நடுவில் மாட்டியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து மாஸ்டரின் குரல் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தது, பதிலும் பெட்டிக்குள்ளிருந்தேதான் வந்தது. "இருக்கியா?" "இருக்கேன்." "இருக்கியா?" "இருக்கேன்." பக்கத்தில் நின்ற குட்டையின் முறை வந்ததும் வழக்கம்போல முதலில் ஒரு சிரிப்பு, பிறகுதான் இருக்கேன். அடுத்தது நெட்டை. "இருக்கியா?" என்றது பெட்டி. அதற்குப் பிறகு வரவேண்டியது ஒரு இருமலும், இருமலை விழுங்கிக்கொண்டு ஒரு இருக்கேனும். வரவில்லை. ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுவிட்டுப் பெட்டி அடுத்த ஆளைக் கேட்கப் போய்விட்டது.

நெட்டை தூக்கிய கையை இறக்காமல் பெட்டியை அண்ணாந்து பார்த்தாள்.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூடத்து மாஸ்டர் இல்லை. இஸ்திரி உருளையில் வேலை பார்த்த மனுஷன். ஆஸ்பத்திரி, விடுதி என்று எங்கெங்கிருந்தோ மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, கொதிக்கிற உருளைக்குள் விட்டால் மறுபக்கம் அப்பளம் மாதிரி மொறமொறவென்று வந்து விழும். விழுகிற வேகத்தில் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, உதறி, மடித்து அடுக்க வேண்டும். ஆவி மண்டிவிட்டால் எதிரே நிற்கிற ஆள் தெரியாது, விரிப்பின் இழுப்பு மட்டும்தான் தெரியும். முன்னொரு காலத்தில் அழுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒருத்தி மயங்கி விழுந்து, சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் ஆளைக் காணோம் என்று தேடினார்களாம். அதிலிருந்து மாஸ்டர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். வேலை தொடங்கும் முன்னால் எல்லாரும் வரிசையில் நின்று குனிந்து நிமிர்ந்து, கை தூக்கி, மூச்சு வாங்கி, கடைசியில் கையை இறக்காமல் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இருக்கேன் என்று.

"நாளைக்குக் கேக்கல. இன்னைக்கு ஒரு நாளைக்கு இருக்கியா, அதச் சொல்லு போதும்" என்பார். அவருடைய தத்துவமெல்லாம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரலில் கேட்டால் வளைந்த முதுகும் கொஞ்சம் நிமிரத்தான் செய்தது. மத்தியானத்துக்கு வெள்ளரியும் அவித்த காயும் கீரையும் கொண்டுவருவார். யாராவது டீயில் சர்க்கரையைக் கொட்டினால் கோப்பையைப் பிடுங்கி மோந்து பார்த்துவிட்டு, "இது டீ இல்ல, பாகு" என்று திருப்பிக் கொடுப்பார். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம், விடிகிறபோது விடியட்டும் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

நெட்டையைத்தான் அவர் ரொம்பப் பிடித்துக்கொண்டார். அவள் உருளைப் பக்கத்திலேயே ஒருநாள் தலைசுற்றி விழுந்துவிட்டாள். சர்க்கரை என்றார் டாக்டர். பாதத்தில் ஆறாத புண்ணைத் தட்டிப் பார்த்து, இப்படியே போனால் விரலை எடுக்கும்படி ஆகும் என்றார். "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா உருளைகிட்ட நிக்க விடமாட்டேன்மா, எனக்குப் பதில் சொல்லி மாளாது" என்றார் மேலாளர். இருபது வருஷமாக விரிப்பு மடித்த கைக்கு வேறு என்ன வேலை தெரியும்? நட, குனி, கீரை தின்னு, கை தூக்கு என்று மாஸ்டர் அவள் பின்னாலேயே அலைந்தார். தலையை ஆட்டிவிட்டு அவள் பாதிதான் செய்தாள்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் காலையில் செருப்பு வாரை மாட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை.

"பாத்தியா நெட்டக்கா" என்றாள் குட்டை, எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு. அவள்தான் நெட்டையின் மடிப்பு ஜோடி. இவள் பனைமரம், அவள் உரல். இரண்டு பேரும் மடிக்கிற விரிப்பு எப்போதும் சரிவாகத்தான் தொங்கும், சறுக்குமரம் என்று அதற்குப் பேரே வைத்திருந்தார்கள். "வெள்ளரிக்கா தின்னவரும் போறாரு, வெல்லம் தின்னவனும் போறான். நான் வெல்லத்தத் தின்னுட்டே போறேன்." நெட்டைக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கே டீக்கு மூன்று கரண்டி போட்டுக்கொண்டாள்.

முதலாளிக்குக் காட்டுவதற்காக மேலாளர் ஒருநாள் அந்தக் காலைப் பயிற்சியைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தார். மாஸ்டர் போன பிறகு முன்னால் நின்று நடத்த யாருக்கும் வாய் வரவில்லை. அந்தப் பதிவையே பெட்டியில் போட்டுவிட்டார். முதல் நாள் எல்லாரும் அழுதார்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பதிவில் மாஸ்டரின் கேள்வி மட்டுமா இருந்தது, அன்றைக்கு நின்ற அத்தனை பேருடைய பதிலும் அல்லவா இருந்தது. அப்புறம் இவர்கள் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? கேள்வியும் பெட்டியே, பதிலும் பெட்டியே. இவர்கள் கையை மட்டும் தூக்கிக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பெட்டியில் குரல் கிடையாது. "நாங்க அந்த லிஸ்ட்லயே இல்லப்பா" என்று அவர்கள் பின்வரிசையில் சிரித்துக்கொள்வார்கள்.

முதலில் போனது பாய்லர்க்காரர் குரல். தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் அவர் இருக்கேன் சொல்வார். ஒருநாள் கனைப்பும் இல்லை, குரலும் இல்லை. வயர் எங்கேயோ லூஸ் என்று நெட்டை நினைத்துக்கொண்டாள். அந்த வாரமே அவர் படுத்த படுக்கையில் போய்ச் சேர்ந்தார். அடுத்து, கிழிந்த விரிப்பு தைக்கிற பெரியம்மா. அவள் குரல் இல்லாமல் போனபோது ஆள் வரிசையில் நன்றாகத்தான் நின்றிருந்தாள், கையில் ஊசிகூட இருந்தது. தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பவில்லை. காய்ச்சல் என்றார்கள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

"பெட்டில அவங்க குரல் நின்னுபோனது உனக்குக் கேட்டுச்சாடி?" என்று நெட்டை குட்டையிடம் கேட்டாள்.

"எனக்கு என் சிரிப்பு வருதான்னு பாக்கவே நேரம் சரியா இருக்கு. அடுத்தவங்க குரலையெல்லாம் யாருக்கா கேக்குறா?"

வாஸ்தவம்தான். வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் தத்தம் குரலுக்காகத்தான் காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். மற்றது எல்லாம் இரைச்சல். நெட்டையின் இடம் பெட்டிக்கு நேர் கீழே இருந்ததால் அவளுக்கு எல்லாமே கேட்டுத் தொலைந்தது.

இப்போது அவள் முறை.

அன்று சாயங்காலம் அவள் நேரே வீட்டுக்குள் போகவில்லை. தெருவை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். வாசல் அறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவள் நாலாவது தடவை கடந்தபோது, "என்ன, ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கியா?" என்றார்.

"டாக்டர் நடக்கச் சொன்னாருல்ல."

"அது போன வருஷம் சொன்னாரு. இப்பதான் காதுல விழுந்துச்சா?"

அவள் உள்ளே போய்க் காய் நறுக்கினாள். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழுந்தது.

மறுநாள் காலை பெட்டி கேட்டது. "இருக்கியா?" அந்த வெற்றிடம் திறந்துகொண்டது. நெட்டை அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, "இருக்கேன்" என்றாள். வரிசையில் ஒரு அதிர்வு. பின்னால் யாரோ சிரித்தார்கள். பெட்டி ஒன்றும் நடக்காததுபோல அடுத்த ஆளைக் கேட்டது. அவள் சாகவில்லை. அந்த வாரமும் சாகவில்லை, அதற்கடுத்த வாரமும்.

அப்புறம் அவள் ஒருநாள்கூட லீவு போடவில்லை. கேட்கிற நேரத்தில் அந்த இடத்தில் நிற்க வேண்டும், நின்றால் போதாது, சொல்ல மூச்சு இருக்க வேண்டும். குனிந்து நிமிர்ந்து கை தூக்கி முடிக்கையில் பழைய உடம்பாக இருந்தால் இரைப்புதான் மிஞ்சும், சொல் வராது. ஆகவே விடியும்போதே எழுந்து நடந்தாள். சளி பிடித்துக் குரல் கட்டிவிடுமோ என்று மழையில் தலை நனையாமல் பார்த்துக்கொண்டாள். டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். மாஸ்டர் உயிரோடிருந்தபோது காலில் விழாத குறையாகச் சொல்லியும் நடக்காதது எல்லாம் தானாக நடந்தது. பாதத்துப் புண் ஓரம் வறண்டு, மேல்தோல் கட்டி, ஒருநாள் காய்ந்த பொருக்காக உதிர்ந்தது. டாக்டர் சோதனைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா செய்றீங்க, மத்தவங்களுக்கும் சொல்லுங்க" என்றார். மேலாளர் எல்லாருக்கும் முன்னால் அவளை நிறுத்தி, "இவங்களப் பாத்துக் கத்துக்குங்க, மனசு வச்சா எதுவும் முடியும்" என்றார். கை தட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் வந்து, "அக்கா, தினமும் இந்த ஊக்கம் உங்களுக்கு எப்படி வருது?" என்று கேட்டார்கள். அவள் வெள்ளரிக்காய் என்றாள். பயம் என்று எப்படிச் சொல்வது?

விடுமுறை நாளில் மட்டும் நிம்மதியாகத் தூங்கினாள். கேட்காத நாளைக்குப் பதில் எதற்கு?

ஆனால் ஒன்று இருந்தது. அந்த வெற்றிடம் நீண்டுகொண்டே வந்தது. முதலில் ஒரு சொல் அகலம்தான். பிறகு அவள் சொல்லி முடித்தும் பெட்டி கொஞ்சம் நின்று பார்ப்பதுபோல இருந்தது. இருக்கேனை இழுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். இழுக்க இழுக்க அதுவும் இழுபட்டது. உள்ளே மூச்சு விடுகிற சத்தம் கேட்டதாகக்கூட ஒருநாள் தோன்றியது. பழைய மூச்சு, இருமலை அடக்கிக்கொண்டு விடுகிற மூச்சு. சர்க்கரையும் புண்ணுமாக நின்ற அந்தப் பழைய நெட்டை எங்கும் போய்விடவில்லை, உள்ளே கையைத் தூக்கிக்கொண்டு நின்றுகொண்டுதான் இருக்கிறாள், வாயைத் திறக்கத்தான் மாட்டேன் என்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது.

இப்படி இருக்கையில்தான் குட்டையின் சிரிப்பு நின்றது.

வரிசை கலைந்து வேலை தொடங்கியது. உருளையிலிருந்து விரிப்பு வந்து விழ, இருவரும் முனையைப் பிடித்தார்கள், உதறினார்கள், ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிப்பைச் சேர்த்தார்கள். சேர்க்கிற ஒவ்வொரு தடவையும் குட்டையின் முகம் நெட்டையின் நெஞ்சுக்கு நேரே வரும். உதட்டோரம் நீலம் பூத்திருந்தது. நாலு எட்டு நடப்பதற்குள் மூச்சு வாங்கினாள்.

"நாளைக்குக் காலைல வரிசைல நீ வாயத் திறந்து சொல்லணும்" என்றாள் நெட்டை.

"ஏன், கனவுல மாஸ்டர் வந்து என்னைய விசாரிச்சாரா?"

"பெட்டில உன் சிரிப்பு இல்லடி."

குட்டை முனையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். உருளையிலிருந்து அடுத்த விரிப்பு வந்து காலடியில் குவிந்தது. அவளுக்கும் காலையில் கேட்டிருக்க வேண்டும், தன் சிரிப்புக்குத்தானே அவள் தினமும் காது கொடுப்பாள்.

"பெட்டிக்கும் சலிச்சிருக்கும்" என்றாள் கடைசியில். "எத்தன நாளைக்குத்தான் ஒரே சிரிப்ப சிரிக்கும்?"

"விளையாடாத. என்னுதும் நின்னுச்சு. நானாச் சொல்றேன், பாக்குறல்ல தினமும். அதனாலதான் நிக்கிறேன்."

"அடிப்பாவி, நீ ஆரோக்கியத்துக்குச் செய்றேன்னுல்ல நெனச்சேன்." குட்டை சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "தெனமும் செத்துச் செத்துப் பிழைக்கிறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல நெட்டக்கா. உன் நடையும் கீரையும் என்னால ஆகாது" என்றாள்.

"சொல்லு போதும். நடக்க வேணாம், திங்க வேணாம். வந்து நின்னு சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"சரி, பாப்போம். முனையப் பிடி, தரையெல்லாம் விரிப்பு."

மறுநாள் குட்டை வரவில்லை.

நெட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. அவள் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள். வழுக்குகிற ஈரத்தரையில், துணி மூட்டை ஏற்றி வரும் தள்ளுவண்டிக்காரர் மட்டும் வந்துகொண்டிருந்தார். "முட்டி வலின்னு சொல்லி அனுப்பிருக்கா" என்றார். "எந்திரிக்க முடியலயாம். படுத்துக் கிடக்கா."

"பேசுறாளா?"

"அவ பேசாம இருப்பாளா?" என்றார் அவர், ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல்.

மேலாளர் பொத்தானை அழுத்திவிட்டார். மாஸ்டர் குனியச் சொன்னார், குனிந்தார்கள். நிமிரச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார். ஆவி மெல்லத் தரையோரமாகப் பரவி முழங்கால் வரை மறைத்தது. "நாளைக்குக் கேக்கல" என்றது பெட்டி. ஒவ்வொரு குரலாக இருக்கேன் சொல்லிக்கொண்டு வரிசை இவள் பக்கமாக வந்தது. குட்டையைக் கேட்டது.

நெட்டை யோசிக்கவில்லை. எத்தனை வருஷம் அந்தச் சிரிப்புக்கு எதிர்முனையில் நின்றிருக்கிறாள்! மூக்கில் தொடங்கி, தொண்டையில் ஒரு குலுக்கு குலுக்கி, பல்லுக்கு வரும் முன்னால் அறுந்துபோகிற சிரிப்பு. அதை அப்படியே சிரித்தாள். சிரித்துவிட்டு, குட்டையின் கீச்சுக் குரலில் "இருக்கேன்" என்றாள். முன்வரிசைக்காரர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். சிலர் குட்டை வந்துவிட்டாள் என்றே காலி இடத்தில் தேடினார்கள். மேலாளரின் வாய் பாதி திறந்திருந்தது.

பெட்டி ஏற்றுக்கொண்டது. அடுத்து இவளைக் கேட்டது.

"இருக்கியா?"

நெட்டை மூச்சை எடுத்தாள். மூச்சு நிறைய இருந்தது, மாதக்கணக்கில் நடந்து சேர்த்த மூச்சு. வாயைத் திறந்தாள். மறுபடியும் வந்தது குட்டையின் சிரிப்பு. உதட்டைக் கடித்து, தொண்டையைக் கனைத்து, தன் குரல் எந்த உயரத்தில் இருக்கும், எப்படி ஒலிக்கும் என்று தேடினாள். மறுபடியும் அதே கீச்சுக் குரல்தான் முட்டிக்கொண்டு வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

பெட்டி அடுத்த ஆளுக்குப் போகவில்லை. உள்ளே லேசாக இரைகிற சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கையை இறக்கு என்று யாரும் சொல்லாததால் கூடம் முழுக்கக் கைகள் உயர்ந்தபடியே இருந்தன. ஆவி இப்போது இடுப்புக்கு ஏறி, தோளுக்கு ஏறி, முகங்களையும் மூடியது. வெள்ளைக்கு மேலே விரல்கள் மட்டும் தெரிந்தன, வரிசை வரிசையாக, நடுங்கிக்கொண்டு. எது யாருடைய கை என்று தெரியவில்லை. நெட்டைக்குப் பக்கத்துக் காலி இடத்திலும், மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்வாக, இரண்டு கைகள் உயர்ந்து நின்றன.