நீவா நதியில் நினைவுக் கூண்டுகள்

எங்கள் சபையில் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறிகளுக்கெல்லாம் பெயர் உண்டு. நடுவில் இருப்பது காலஞ்சென்ற இஸ்ரேல் வாத்தியார். பெண்கள் பக்கம் லேசாகக் கிறீச்சிடுவது அவர் சம்சாரம். டியூப் லைட்டுகளில் "நினைவாக" என்று தொடங்கிக் குடும்ப வரலாற்றையே எழுதிவிட்டதால் வெளிச்சம் வர இடமில்லை. சித்தூரின் பழைய மிஷன் சபைக்காரர்கள் நாங்கள். பெயர் பொறிக்காமல் ஒரு டம்ளர்கூடக் கொடுத்து வழக்கமில்லை. அந்த வழக்கத்தை ஆற்றுக்கும் கொண்டுபோன பெருமை கிருபானந்தமாகிய என்னைச் சேரும்.

போன வருஷம் என் மனைவி லோயிஸ் இறந்துபோனாள். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு அது பழகிய காரியம் என்பதால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. திருப்பதியில் வேலை பார்க்கும் மகள் அபிகாயிலுக்கு மட்டும் போனிலேயே தெரிந்துவிட்டது.

"நைனா, வெளிய போயி எதுனா செய். இல்லன்னா வேலைய வுட்டுட்டு நான் அங்க வந்துடுவேன்" என்றாள்.

பயந்துபோய் வெளியே வந்தேன். சபைக்குப் பின்னால் நீவா நதி இருந்தது.

நதி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பிளாஸ்டிக் கவர், கோழி இறகு, கிழிந்த மெத்தை, நடுவே கறுப்பாக ஒரு சாக்கடை. குடித்த டம்ளரைக் கழுவி அறியாதவன் ஆற்றைக் கழுவக் கிளம்பினேன். சனிக்கிழமைதோறும் சேவை என்று சபையில் அறிவித்து, கன்வீனர் பதவியை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். முதல் சனிக்கிழமை ஜெபம், வரவேற்புரை, சால்வை, குரூப் போட்டோ, போண்டா எல்லாம் சிறப்பாக நடந்தன. அதற்குள் வெயில் ஏறிவிட்டதால் ஆற்றை மட்டும் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தோம்.

ஆனால் பிறகு நிஜமாகவே வேலை செய்தோம், அதையும் சொல்ல வேண்டும். எதிர்க்கரைச் சந்தில் குடியிருக்கும் ஆட்டோக்காரர் செங்கல்வராயன், சபைக்காரர் இல்லை, யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தார். குப்பையை மூட்டை கட்டித் தன் ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் போட்டோ எதிலும் அவரைப் பார்க்க முடியாது; எடுத்தவரே அவர்தான். வாதம் வந்து கட்டிலோடு கிடக்கும் அவருடைய அப்பா ஜன்னல் வழியாக எங்களை வேடிக்கை பார்ப்பார். அந்த ஒரு பார்வையாளருக்காக நான் இன்னும் சத்தமாக உத்தரவு போடுவேன்.

கோடை முடிவதற்குள் மணல் தெரிந்தது. அங்கேதான் என் புத்தி கெட்டது. மிஷன்காரர்களுக்குக் காலி இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அஸ்திவாரக் கல்லாவது நட்டாக வேண்டும். கரையில் சுவரும் வீடுமாக இடமில்லை. அதனால் ஆற்று மணலிலேயே மரக்கன்று நடலாம், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் நினைவாக, சுற்றிலும் இரும்புக் கூண்டு, கூண்டில் பெயர்ப்பலகை என்று முன்மொழிந்தேன். சபைச் செயலாளர் சைமன், தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நீவாவில் தண்ணீர் வந்தால் அதற்கு ஒரு ஸ்தோத்திர ஆராதனை வைத்துவிடலாம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் ஆழமே இல்லை என்று பேசி ஒரு சபையையே இறக்கிவிட்டேன்.

அதுவரை ஆற்றுப்பக்கம் எட்டிப் பார்க்காத குடும்பங்களெல்லாம் கன்றோடு வந்தன. முன்வரிசைக்கு அடிதடி. செத்துப்போன மாமியாரின் பக்கத்தில் செத்துப்போன மருமகளை நடக்கூடாது என்று ஒரு வழக்கு. தொல்லை தாங்காமல் நானே ஒரு விதி எழுதினேன்: பெயர் தாங்கிய கூண்டைக் குடும்பத்தாரின் சம்மதமும் கமிட்டித் தீர்மானமும் இல்லாமல் யாரும் தொடக்கூடாது. ஓட்டை உடைசல் இல்லாத விதி. பாலிசி எழுதிப் பழகிய கை அல்லவா.

லோயிஸுக்குப் புங்கங்கன்று. கன்வீனர் என்ற சலுகையில் ஆற்றின் நட்டநடுவில் இடம் எடுத்தேன். காலையில் ஒரு குடம் தண்ணீரோடு போய், தக்காளி விலையிலிருந்து அபிகாயிலுக்கு வந்த வரன் வரைக்கும் அதனிடம் சொல்லுவேன். அவள் உயிரோடு இருந்தபோது நான் இவ்வளவு பேசியதில்லை. கன்று துளிர் விட்ட அன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, வீட்டில் பாயசம் வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. அப்படியே சாப்பிட்டேன். அந்தக் கன்று இல்லையென்றால் எனக்கு மறுபடியும் நாற்காலிதான் என்று நன்றாகத் தெரியும்.

நவம்பரில் புயல் வந்தது. விடாத மழை. ஞாயிறு ஆராதனையின் நடுவே செங்கல்வராயன் பாலத்தைச் சுற்றி ஓடிவந்து, சொட்டச் சொட்டச் சபை வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டு என்னவென்று கேட்காமல் காணிக்கை எடுத்து முடித்தோம். அவரும் அதுவரை காத்திருந்தார். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"சார், மேல ஏரிங்க நெறஞ்சி தண்ணி வருது. உங்க கூண்டுங்கள்ல குப்ப மாட்டிக்கினு அண மாரி நிக்கிது, தண்ணி எங்க சந்துல பூந்துடுச்சி. நைனாவ கட்டிலோட தூக்கி பெஞ்சி மேல வெச்சிகீறோம். வெளிய தூக்கினு வரலாம்னா இழுவ ஜாஸ்தி. இன்னும் ஏறினா அவர வெக்க எடமில்ல சார்."

பட்டுப்புடவையும் கோட்டுமாக மொத்தச் சபையும் ஆற்றங்கரைக்கு ஓடியது. அவர் சொன்னது சரிதான். நாங்கள் வருஷம் முழுக்கப் பொறுக்கிய அதே ரகக் குப்பை கூண்டுக்குக் கூண்டு அடைத்து நின்றது. கடப்பாரை இருந்தது, கயிறு இருந்தது, பிடுங்க வேண்டியதுதான் பாக்கி. யாரும் இறங்கவில்லை. ஒருவர் அக்காவிடம் கேட்க வேண்டும் என்றார்; அக்கா கனடாவில். இன்னொருவர் பின்வரிசையிலிருந்து தொடங்கலாம் என்றார், அவருடையது முன்வரிசை. சைமன் மிகுந்த துக்கத்தோடு என் விதியை ஒப்பித்தார். மனுஷன் ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்திருந்தார்.

எல்லோரையும் திட்ட வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் என் யோக்கியதை எனக்கே தெரிந்தது. எந்தெந்தக் கூண்டைப் பிடுங்கலாம் என்று பார்த்துக்கொண்டு வந்த என் கண், லோயிஸ் கூண்டை மட்டும் தாண்டிப் போயிருந்தது. ஒன்றே ஒன்று நின்றால் என்ன வந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. ஆனால் நட்டநடுவில் நின்றது அதுதான். வேரோடு வந்த ஒரு வாழைமரம் அதன்மேல்தான் குறுக்கே விழுந்து மற்ற குப்பையையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தது.

இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைச் சைமன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது. செங்கல்வராயன் கடப்பாரையோடு பின்னாலேயே வந்தார். மார்பளவு தண்ணீரில் கூண்டைப் பிடித்தேன். பிடித்தவன் இழுக்கவில்லை. ஒரு கிழவன் சாக்கடை வெள்ளத்தில் இரும்புக் கம்பியைக் கட்டிக்கொண்டு நிற்பது பார்க்க நன்றாகவா இருக்கும்? நின்றேன். விட மனசே வரவில்லை. செங்கல்வராயன் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பக்கம் பெஞ்சின் மேல் கிடப்பது அவருடைய அப்பா. அப்படியிருந்தும் அந்த மனுஷன் என்னை அவசரப்படுத்தவில்லை. அதை நினைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். அவர் கடப்பாரையால் நெம்பினார். கூண்டு கன்றோடு கழன்று வந்தது. வாழைமரம் புரண்டு ஓடியது.

கரையில் சைமன் கயிற்றை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, கோட்டைக் கழற்றி எறிந்து, தன் தகப்பனார் பெயர் எழுதிய கூண்டை நோக்கி இறங்கினார். தீர்மானம் எதுவும் போடவில்லை. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்ச்சந்திலிருந்து தண்ணீர் இறங்குகிறது, பெரியவர் நன்றாக இருக்கிறார் என்று குரல் வந்தது.

நாங்கள் இருவரும் கரையேறினோம். செங்கல்வராயன் கூண்டைத் தோளில் வைத்திருந்தார். உள்ளே கன்று வேரும் சேறுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குப்பையோடு போட்டுவிடச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அவர் பலகையில் இருந்த பெயரைப் பார்த்தார்.

"அம்மாவ எங்க சார் வெக்கிறது?"

"மேட்டுல வெய்ப்பா" என்றேன். "அவளுக்குத் தண்ணின்னா பயம்."

சொன்ன பிறகுதான் அது எனக்கே ஞாபகம் வந்தது. கடற்கரைக்குப் போனால் செருப்பைக்கூடக் கழற்றாதவள். அவளைக் கொண்டுபோய் ஆற்றுக்கு நடுவில் நட்டு, தினமும் ஒரு குடம் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறேன். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, சபையார் அத்தனை பேரும் பார்க்க அழுதேன்.

செங்கல்வராயன் கீழே வைக்கப்போன கூண்டை மறுபடியும் தூக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மேலே ஏறிப்போய் வைத்தார்.