கறையில்லாத சட்டையில் மை

சலவைக்கடைக்காரருக்கு ஒரே மகள். உள்ளங்கையில் அடங்குகிற அளவில் பிறந்ததால் சுண்டெலி என்று பெயர் விழுந்தது. இப்போது அப்பாவைவிட உயரம். பெயர் மட்டும் வளரவில்லை.

அந்த வருடம் பள்ளி முடித்த பிள்ளைகள் வாயில் ஒரே பேச்சு: செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல். தையல்காரர் மகள் சேர்ந்துவிட்டாள், மருந்துக்கடைக்காரரின் இரட்டையர்களும் சேர்ந்துவிட்டார்கள். சுண்டெலியும் அதையே கேட்டாள். விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள்.

அப்பா மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அழுது சண்டை போட்டிருக்கலாம். அவரோ, "உனக்கே புடிச்சுப் போறியா, இல்ல எல்லாரும் ஓடுறாங்கன்னு கூட ஓடுறியா? அத மட்டும் சொல்லும்மா, சேத்து விடறேன்" என்றார்.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பாவம், அந்த வயதில் யாருக்குத்தான் தெரியும்?

"சொல்லத் தெரியலப்பா. காட்டட்டுமா?" என்று மடிக்கணினியைத் துணி மடிக்கும் மேசைமேல் வைத்தாள்.

சலவைக்கடையில் முதல் வேலை கறை எதனுடையது என்று கண்டுபிடிப்பது. எண்ணெய்க்கு ஒரு மருந்து, தேநீருக்கு ஒன்று, மைக்கு ஒன்று. மாற்றிப் போட்டால் கறை துணியோடு குடித்தனம் பண்ணிவிடும். சுண்டெலி கடைக்கு வந்த துணிகளை மாதக்கணக்கில் படம் எடுத்து, எது என்ன கறை என்று கணினிக்குக் காட்டிக் காட்டிப் பழக்கியிருந்தாள்.

மேசை விரிப்பைக் காட்டினாள். 'தேநீர்' என்றது திரை. கால்சட்டைக்கு 'எண்ணெய்'. பேனா ஒழுகிய சட்டைக்கு 'மை'. எல்லாம் சரி. அப்பாவின் புருவம் ஏறியது.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குக் கை சும்மா இருக்குமா? அப்போதுதான் தேய்த்த வெள்ளைச் சட்டையை நீட்டினார். "இதுக்கு என்ன சொல்லுது, பாப்போம்."

'மை.'

"பாத்தியாண்ணே, கறையே இல்லாத எடத்துல கறை கண்டுபிடிக்குது. எங்க மாமியார் இதுக்குள்ளதான் உக்காந்திருக்காங்க."

அப்பாவும் சிரித்துவிட்டார். சுண்டெலி சிரிக்கவில்லை. அந்தச் சட்டையையும் கணினியையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள் வெளியே வரவில்லை. "அழுதுட்டிருக்கும். நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்" என்று சித்தப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

அப்பா எட்டிப் பார்த்தார். கொஞ்சம் அழுதிருப்பாள்தான், மூக்கு சிவந்திருந்தது. ஆனால் இப்போது சட்டைப் பாக்கெட்டின் மேல் ஒரு கைக்குட்டையை வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். படம் எடுத்தாள். 'கறை இல்லை.' கைக்குட்டையை எடுத்தாள். 'மை.'

"அப்பா, இங்க வாங்களேன். நம்ம கடைக்கு வர்ற மைக்கறை எல்லாமே பாக்கெட்ல பேனா ஒழுகினதுதான? நான் காட்டின படம் பூரா அதான். சுத்தமான துணின்னு காட்டினது வெறும் படுக்கை விரிப்பு. இது மையப் பாக்கவே இல்ல. பாக்கெட்டப் பாத்துட்டு அடிச்சு விட்டிருக்கு."

"அப்போ இத்தன மாசம் எடுத்த படமெல்லாம் வீணா?"

"பாதி வீண்தான்." அதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க கேட்டதுக்கு இப்பவும் பதில் தெரியலப்பா. மத்தவங்க சேரலன்னா இந்தப் படிப்பு இருக்கறதே எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா அது சரியா சொன்னப்போகூட இவ்ளோ சந்தோஷம் வரல. ஏன் தப்பா சொல்லுதுன்னு புடிச்சேன் பாருங்க, அப்பதான் வந்துச்சு."

அப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவள் அருகில் அமர்ந்தார்.

"சாப்பிட்டு வந்து விண்ணப்பத்த அனுப்பிடு" என்றார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். "காலையில ஒரு தலையணை உறை வந்திருக்கு. மை கொட்டினது. அதுல பாக்கெட் கிடையாது. தொட்டியில போடறதுக்குள்ள படம் எடுத்துக்கோ."