பன்னிரண்டாவது நாற்காலி

எங்கள் ஊரில் இப்போது பாவப்பட்டவர்கள், ஏழைகள் என்று யாரும் கிடையாது. அதாவது, அப்படிச் சொல்லிக்கொள்ள ஆள் கிடையாது. கூரை ஒழுகினாலும் வாசலுக்கு டைல்ஸ் போட்டுவிடுவார்கள். கேட்டால், மகன் குவைத்தில் இருக்கிறான் என்பார்கள். ஆனால் புனித வின்சென்ட் தே பவுல் திருநாளன்று பன்னிரண்டு பாவப்பட்டவர்களைப் பீடத்துக்கு முன்னால் நாற்காலியில் இருத்தி, கால் கழுவி, சோறு விளம்புவது எங்கள் கோயில் வழக்கம். பாவப்பட்டவர்களுக்கு எங்கே போவது?

இந்த வருஷம் அந்தத் தலைவலி என் மகன் லிஜோவுக்கு. நாகர்கோவிலில் வாத்தியார். வின்சென்ட் சபைக்குப் புதுச் செயலாளர். ஒரு வாரம் தெருத் தெருவாக அலைந்தான். முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஓமனாவிடம் போய்க் கேட்டிருக்கிறான். உன் வீட்டில் ஆள் இல்லையா என்று அவள் வாரியலை ஓங்கிவிட்டாளாம். எப்படியோ பதினொரு பேர் சேர்ந்தார்கள். திருநாள் காலையில், இன்னும் ஒருவர் வந்தால் போதும் என்று அவன் மைக்கில் கூப்பிட்டது கடற்கரை வரைக்கும் கேட்டது. கெஞ்சுகிற குரல். பெற்றவன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

நான் போய் இருந்தால் தீர்ந்தது என்று கிளம்பினேன். கிளம்பினவன் அப்படியே போயிருக்கலாம். புத்தி கெட்டவன், பாவப்பட்டவன் மாதிரித் தெரிய வேண்டுமே என்று, திருநாளுக்கு அவன் எடுத்துத் தந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கடலுக்குப் போன காலத்துக் கிழிந்த சட்டையைத் தேடி மாட்டினேன். இரண்டு வள்ளங்களுக்கு நடுவில் நசுங்கிய இடது காலை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

அப்போது லிஜோ புனிதரின் சரித்திரம் வாசித்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவன் உரக்க வாசித்துப் பழகியதில் எனக்கும் அது மனப்பாடம். வின்சென்ட் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவரைப் படிக்க வைக்க அப்பன் உழவு மாட்டை விற்றார். எனக்குப் பிடித்த இடம் அது. லிஜோவைப் படிக்க வைக்க என் வள்ளமும் அப்படித்தான் போயிற்று. அடுத்து, அந்த அப்பன் நொண்டிக்கொண்டு, கந்தல் உடுப்போடு, பள்ளிக்கூடத்துக்கு மகனைப் பார்க்க வருவார். வின்சென்ட் வெட்கப்பட்டு வெளியே வரமாட்டார். ஏழைகளே கதி என்று வாழ்ந்த பிற்காலத்திலும் அதைச் சொல்லிச் சொல்லி வருந்துவார்.

லிஜோ நிமிர்ந்தான். கடைசி நாற்காலியில் என்னைக் கண்டான். குரல் நின்றது. பிறகு தாளைப் புரட்டி, வின்சென்ட் குருவானதிலிருந்து வாசிக்கத் தொடங்கினான்.

பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம், "வாத்தியாருக்க அப்பன்தானே? மகன் சோறு குடுக்கல்லியா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதாவே, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்! உதவ வந்தவன், நடுக்கோயிலில் அவன் மானத்தை அல்லவா வாங்கிவிட்டேன். எழுந்து போய்விடலாம் என்றால், ஊர் முழுக்கப் பார்க்க நொண்ட வேண்டும். கிழிந்த தோளைக் கையால் மூடிக்கொண்டு இருந்தேன்.

லிஜோ செம்பும் தாம்பாளமுமாக வரிசையாகக் கால் கழுவி வந்தான். எனக்கு முன்னால் வந்ததும் செம்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவான் என்று நினைத்தேன். கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் முட்டுக்குத்தினான். நான் இடது காலை நாற்காலிக்கு அடியில் ஒளித்து, நல்ல காலை மட்டும் நீட்டினேன். தண்ணீர் ஊற்றினான்.

"நான் எடுத்துத் தந்த சட்ட எங்கப்பா?" மெதுவாகத்தான் கேட்டான்.

"பீரோல இருக்கு மக்கா."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த அப்பன் பாக்க வந்த எடத்த வாசிக்காம விட்டியே மக்கா?"

"நீங்க இப்படி வந்து இருக்கையில, அத நான் எந்த வாயால வாசிக்க?"

நாற்காலிக்கு அடியில் கையை விட்டு என் இடது காலைத் தேடிப் பிடித்து வெளியே இழுத்தான். கழுவினான். தலை நிமிரவே இல்லை. நானும் நிமிரவில்லை. அவன் துடைத்து முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.