நாற்பது பிடி

பாக்கியவதிக்கு இடது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. ஆறு நாளும் தங்கச் சுரங்கத்து மில்லில் கல்கூடை சுமந்த தோள். ஏழாம் நாளாவது சும்மா கிடக்கலாம் என்றால் அதுவும் இல்லை. கோயிலில் ஜெபம் முடிந்து வந்ததும் அரிசிச் சாக்கு ஏறிக்கொள்ளும். காலையில் குடித்த கூழ் எப்போதோ கரைந்துபோயிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் சட்டியைக் கவிழ்க்கும்போது எழும் அரிசி வாசனையில் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

சாக்கு இரண்டு பிள்ளைகளுக்காக. அதே லைனில் குடியிருந்த ஏசுபாதம் சுரங்கத்தின் அடி லெவலில் கல் சரிந்து செத்தான். அடுத்த மாதமே அவன் பெண்டாட்டியும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியது ஆறு வயசு ஃப்ளோராவும் கைக்குழந்தை ஆர்தரும். கோலாரில் அநாதை விடுதி இருக்கிறது, அனுப்பிவிடலாம் என்றார் உபதேசியார். கூலி லைன் வீட்டுப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஃப்ளோராவைப் பிள்ளையில்லாத பாக்கியவதி கூட்டிக்கொண்டாள். ஆர்தருக்குப் பால் வேண்டுமே. கீழ் லைனில் ஜெயம்மாவுக்கு மூன்று மாதத்துப் பிள்ளை இருந்தது. அவள் வேதக்காரி இல்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்.

"பாலுக்கு இன்னாக்கா வேதம், இப்டி குடு" என்று வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

ஏற்பாடு இதுதான். முப்பது வீட்டிலும் சோறு வடிக்கிற நாளில், அரிசி உலைக்குப் போகுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாக்கியவதி அதை வாங்கி, தன் வீட்டுக்குப் பாதி, ஜெயம்மா வீட்டுக்குப் பாதி என்று பிரிக்கவேண்டும். ஜெயம்மா தின்றால்தான் ஆர்தருக்குப் பால் ஊறும். இது லைனில் எல்லாருக்கும் தெரியும்.

முதல் மாதம் வாரத்துக்கு ஆறு படி சேர்ந்தது. பிறகு ஆண்டர்சன்பேட்டைக் கடையில் அரிசி விலை ஏறியது. கொடுக்கமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல எந்த வீட்டுக்கும் துணிச்சல் இல்லை. மேஸ்திரி பெண்டாட்டி பார்வதம்மாதான் வழி கண்டுபிடித்தாள்.

"பாக்கியம், புள்ளைங்களுக்குக் குடுக்கறதைப் புள்ள கையால குடுத்தாத்தான் புண்ணியம். இனிமே எங்கூட்ல சின்னதுதான் பிடி போடும்" என்றாள்.

அவளுடைய சின்னதுக்கு நாலு வயசு. அதன் பிடியில் அகப்பட்டதைக் கோழிக்குப் போட்டால் கோழி கோபித்துக்கொள்ளும். ஆனாலும் பேச்சு லைன் முழுக்க ஒரே வாரத்தில் பரவிற்று. எல்லா வீட்டிலும் கைக்குச் சின்னதாக ஒரு பிள்ளையைத் தேடிப் பிடித்தார்கள். பிள்ளையில்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆறு படி நாலு படியாக இறங்கியது.

"இன்னா புண்ணியம், இன்னா புண்ணியம். இவளுங்க புண்ணியத்துல எலிகூடப் பொழைக்காது" என்று பாக்கியவதி வீட்டுக்கு வந்து வைதாள்.

அவள் புருஷன் கொர்னேலியஸ் மூலையில் கிடந்து இருமிக்கொண்டிருந்தான். பாறையில் துளை போடுகிறவன். நெஞ்சில் தூள் ஏறி, சுரங்கத்துக்குள் இறங்கும் கேஜில் இரண்டு மாதமாகக் கால் வைக்கவில்லை. ஷிப்ட் இல்லை என்றால் கூலி இல்லை. அவள் கூடை சுமக்கும் காசு களிக்கே போதவில்லை.

அந்த ஞாயிறு அவள் படியை எடுத்து அளக்க உட்கார்ந்தாள். நாலு படியில் ஜெயம்மாவுக்கு இரண்டு. கொர்னேலியஸ் இருமல் நின்று, மூச்சுக்கு வாயைத் திறந்தான். விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணுகிறமாதிரி தெரிந்தது. பாக்கியவதி படியைக் கீழே வைத்தாள்.

"ஃப்ளோரா, இங்க வாடி. தம்பிக்கு நீயே உன் கையால அள்ளிப் போடு. படிக்கு இருவது பிடி. ரெண்டு படிக்கு நாப்பது. எண்ணிப் போடு பார்க்கலாம்."

படிக்கு இருபது பிடி என்பது பெரியவர்கள் கைக்கு உள்ள கணக்கு. ஃப்ளோராவுக்கு அது எங்கே தெரியும்? தம்பிக்கு என்றதும் முகம் மலர்ந்துபோய், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்று, ரெண்டு என்று சத்தமாக எண்ணினாள். விரலிடுக்கில் வழிந்ததைக்கூடப் பொறுக்கிச் சேர்த்தாள். நாற்பது வந்ததும் நிமிர்ந்தாள்.

"இன்னொண்ணு போடட்டா பெரிம்மா?"

"நாப்பதுன்னா நாப்பது."

மூட்டையைத் தூக்கிப் பார்த்தபோதே தெரிந்தது. ஒன்றேகால் படிக்கு மேல் இருக்காது. இரண்டேமுக்கால் இந்த வீட்டில் நின்றுவிட்டது. அன்றைக்குக் கொர்னேலியஸ் தட்டைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"கஞ்சி கெட்டியா கீதே."

"துன்னுட்டுப் படு."

அவன் தின்றான். அடுத்த வாரம் சரிக்கட்டிவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரமும் ஃப்ளோராவே அள்ளினாள். அதற்கடுத்த வாரமும்.

மூட்டையைக் கொண்டுபோனதும் ஃப்ளோராதான். "ஜெயம்மா அத்தே, தம்பிக்கு நாந்தான் நாப்பது பிடி போட்டேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். ஜெயம்மா மூட்டையைக் கையில் தூக்கிப் பார்ப்பாள். பிறகு உள்ளே கொண்டுபோய் வைப்பாள்.

மூன்றாம் ஞாயிறு கழிந்த வெள்ளிக்கிழமை ஆர்தர் செத்துப்போனான். மூன்று நாள் வயிற்றுப்போக்கு. காய்ச்சல்தான் காரணம் என்றார் ஆஸ்பத்திரி டிரசர். லைனில் அந்த வாரம் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கும் காய்ச்சல் வந்தது; அவை பிழைத்துக்கொண்டன. சோப்புப் பெட்டி ஒன்றை உடைத்துக் கொர்னேலியஸே சவப்பெட்டி செய்தான். அதற்கு ஆணி அடிப்பதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாக்கை எடுப்பதா வேண்டாமா என்று பாக்கியவதி நின்றாள். ஃப்ளோரா இருக்கிறாளே. எடுத்துக்கொண்டு போனாள். அன்று ஒரு வீட்டிலும் பிள்ளைகள் வரவில்லை. பெண்களே வந்தார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய கையால் அள்ளி அள்ளிப் போட்டார்கள். பார்வதம்மா முறத்தோடு கொண்டுவந்து கொட்டினாள்.

"போதும்மா, சாக்கு கிழியும்" என்றாள் பாக்கியவதி.

"கிழிஞ்சா கிழியட்டும்" என்று பார்வதம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏழு படிக்குக் குறையாது. வீட்டில் இறக்கி வைத்துவிட்டுத் தோளைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஃப்ளோரா தானாகவே துணியை விரித்தாள். ஒன்று, ரெண்டு, மூணு.

"இன்னாடி பண்ற?"

"தம்பிக்கு."

"அவனைத்தான் மண்ணுல வெச்சுட்டு வந்தோமே. நீயும் ஒரு பிடி மண்ணு போட்டியே."

"ஜெயம்மா அத்தே பால் குடுக்கணுமில்ல" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து எண்ணினாள்.

பாக்கியவதி அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கை தன் உள்ளங்கைக்குள் முழுசாக அடங்கியது. பிறகு படியை எடுத்து மூன்று படி கோபுரமாக அளந்து, மூட்டை கட்டி, தானே கீழ் லைனுக்குத் தூக்கிப்போனாள்.

ஜெயம்மா வாசலில் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூட்டையைத் தொடவில்லை.

"இது எதுக்குக்கா?"

"குறைஞ்சு போனதுக்குத்தான் ஜெயம்மா. மூணு வாரமா."

"எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு கை எம்மாம் பெருசுன்னு எனக்குத் தெரியாதா? கேட்டா ஃப்ளோரா முகம் வாடும்னு வுட்டுட்டேன். உங்கூட்டுக்காரன் இருமுறது இங்க வரைக்கும் கேக்குது." பிள்ளையை இடம் மாற்றிக்கொண்டாள். "எனக்கும் ஒரு புத்தி இருந்துதுக்கா. பால் கம்மியான அன்னைக்கு எம்புள்ளையத்தான் முதல்ல மாருல வெச்சேன்."

"இதையாவது எடுத்துக்கோ."

"நான் துன்னா எம்புள்ளைக்குப் போவும். எனக்கு நீ எதுவும் தரவாணாம். எடுத்துக்கினு போ."

பாக்கியவதி மூட்டையை மறுபடி இடது தோளிலேயே தூக்கிக்கொண்டாள். வாரத்துக்கு முக்கால் படி, மூன்று வாரம். ஆர்தருக்குத் தரவேண்டியது ரெண்டேகால் படி அரிசி.