பத்து மணி அழைப்பு

எனக்கு வரும் தொல்லை அழைப்புகளில் தண்ணீர் சொட்டும். அதற்காக ஒரு வாளி வைத்திருக்கிறேன்.

அவன் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவான். மூச்சு விடுவான். என் சுடிதாரின் நிறத்தைச் சொல்லிச் சிரிப்பான். ஆறு வாரத்தில் வாளி நிறைந்துவிட்டது. தூக்கிக்கொண்டு புகார் அலுவலகத்துக்குப் போனேன். நடக்க நடக்க வராந்தா நீண்டது.

அதிகாரி வாளியில் விரலை விட்டுப் பார்த்தார்.

“இதுல அவன் கையெழுத்து எங்கம்மா?”

“மூச்சுல எப்படி சார் கையெழுத்து இருக்கும்?”

“என்ன படிச்சிருக்க?”

“எம்.எஸ்ஸி.”

“படிச்ச பொண்ணுதானே? நம்பர மாத்திட்டுப் போ.”

மாற்ற முடியாது. என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சூரத்தில் கட்டட வேலை. இந்தப் பத்து எண்களைப் பாட்டாக மனப்பாடம் செய்துகொண்டு ரயிலேறினார். சொந்தமாக ஃபோன் கிடையாது. ஞாயிறுதோறும் யாரிடமாவது வாங்கி மிஸ்டு கால் கொடுப்பார். இரண்டு முறை மணி அடித்தால், சாப்பிட்டுவிட்டேன் என்று அர்த்தம். ஆறு வாரமாக அடிக்கவில்லை.

“புது நம்பர அப்பாகிட்ட ஃபோன்ல சொல்லிடு” என்றார் அதிகாரி.

“எந்த ஃபோன்ல?”

“அத நீதான் சொல்லணும்.”

வாளியைப் பூந்தொட்டியில் கவிழ்த்தார். ‘புகார் முடிந்தது’ என்று என் உள்ளங்கையில் முத்திரை குத்தினார். செடி உடனே கருகியது. “கையெழுத்து இருந்திருந்தா பொழைச்சிருக்கும்” என்றார்.

திரும்பும்போது வராந்தா இன்னும் நீளம். வாசலுக்கு வர ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. பத்து மணிக்கு ஃபோன் அடித்தது.

“வைடா நாயே! எங்கப்பா கூப்பிடுவாரு.”

அவன் சிரிக்கவில்லை.

“லுங்கியெல்லாம் சிமெண்ட்டா? நம்பர பாட்டா பாடுவாரா?”

“எங்க பாத்த?”

“லைன்ல எனக்குப் பின்னாடிதான் நின்னாரு. ஆறு வாரமா. நான் வைக்கட்டும்னு. நேத்து பாட்டுல பாதி மறந்துபோச்சு. எங்கிட்ட கேட்டாரு.”

“சொன்னியா?”

“தப்பா சொன்னேன். அதப் பாடிக்கிட்டே போயிட்டாரு.”

தண்ணீர் சொட்டியது. வாளி இல்லை. உள்ளங்கையை நீட்டினேன். முத்திரை கரைந்தது.

அவனைத் திட்ட ஆறு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாயில் இருந்தன. விழுங்கினேன். அப்பாவைக் கடைசியாகப் பார்த்தவன் அவன்தான்.

“வச்சிடாத” என்றேன். “சாப்பிட்டிருந்தாரா?”