சோலோ விட்டுவைத்த சரிவு

கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனதும் சோலோ அதைத் தட்டிவிட்டார். மருமகன் செகேயின் சட்டையெல்லாம் கஞ்சி. சாகக் கிடக்கிற மனிதருக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று அவன் வியந்துகொண்டிருக்கும்போதே கிழவர் கண்ணைத் திறந்து, தெளிவாகச் சொன்னார்:

"சரிவ வெட்டிடு மாப்ள. ஒரு மரம் விடாத."

சொல்லிவிட்டு மூங்கில் தட்டிப் பக்கம் திரும்பிப் படுத்தார். மதியத்துக்குள் மூச்சு அடங்கிவிட்டது.

செகே அழக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தான். எங்கள் மலையில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போவான். அப்படி அவன் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமனார் ஓயாமல் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: சரிவில் கத்தி வைக்காதே.

சரிவின் கதை ஊருக்கே தெரியும். சோலோ இளவட்டமாக இருந்தபோது, வெட்டிப்போட்ட வயலுக்குத் தீ வைக்கிற நாளில், தீ காட்டுக்குள் தாவாமல் ஒரு மூலையைக் காக்கச் சொல்லி அவரை நிறுத்தினார்கள். ஓடையில் ஒரு பெண் கூடையால் மீன் அரித்துக்கொண்டிருந்தாள். இவர் மீனைப் பார்க்கப் போனார். தீ தாவிவிட்டது. சரிவு முழுக்க நின்ற பூட்டன் காலத்துக் காடு நாள்கணக்கில் எரிந்தது. அந்தப் பெண்ணையே அவர் கட்டிக்கொண்டார். 'மலையைக் கொளுத்தி மனைவி கண்டவன்' என்ற பட்டமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு அந்தக் கரிமேட்டைவிட்டு அவர் நகரவே இல்லை. எதையும் நடவும் இல்லை. "நட்டா தோட்டம், விட்டாத்தான் காடு" என்பார். கோடை வந்தால் தனி ஆளாகச் சுற்றிலும் சருகைக் கூட்டிப் பாதை வெட்டி, மறுபடி தீ நுழையாமல் காவல் இருந்தார். முதலில் முளைத்தது ஆள் உயரப் புல்தான். "சோலோ புல்லுக்குக் காவல் இருக்கான்" என்று ஊரே சிரித்தது. பிறகு கருகின அடிக்கட்டைகளில் துளிர் வந்தது. பறவைகள் எச்சத்தோடு விதை போட்டன. மளமளவென்று எழுந்த மரங்கள் நிழல் போட்டுப் புல்லைக் கொன்றன. அந்த அவசரக்கார மரங்களை, பின்னால் நிதானமாக வந்த மரங்கள் கொன்றன. ஒவ்வொன்றையும், பிள்ளை நடை பழகிய சேதிபோல வீட்டில் வந்து சொல்வார்.

செகே வந்த புதிதில் ஒருநாள், "அதான் காடு வந்திருச்சே மாமா" என்று சொல்லித் தொலைத்தான்.

"காடா? அது இன்னும் பால்குடிடா. உயரம் வந்தா ஆச்சா? எங்கப்பன் காலத்து மரங்கள்ல பாதி வகை இன்னும் திரும்பலை. உன் பேரன் பாத்தா உண்டு."

அப்போது செகேக்குப் பிள்ளையே பிறக்கவில்லை.

இப்போது சிக்கல் வேறு மாதிரி. வருஷா வருஷம் மொட்டையடித்துச் சோளம் போடுகிறவனை அதிகாரிகள் ஒன்றும் கேட்பதில்லை. விட்டு வளர்த்த நிலத்தில்தான் மரத்துக்கு மரம் சிவப்புச் சாயம் பூசி, இது அரசாங்கக் காடு, வெளியே போ என்கிறார்கள். அடுத்த வாரம் இந்தப் பக்கம் வருகிறார்களாம். அதற்குள் வெட்டினால் நிலம் குடும்பத்தோடு நிற்கும். வெட்டாவிட்டால் மரம் நிற்கும், நிலம் போய்விடும்.

சின்ன மகள் முகீ அப்பாவின் காலைப் பிடித்து அழுதுமுடித்து, மூக்கைத் துடைத்த கையோடு ஆரம்பித்தாள்.

"அத்தான், கேட்டீங்கள்ல? அப்பாவே வாய் தொறந்து சொல்லிட்டாரு. அடக்கம் முடிஞ்ச மறுநாளே கத்தியோட போயிருவோம்."

"உளறாதடி," என்றாள் அக்கா நோபே. செகேயின் மனைவி. "சாகுற நேரத்துல பாதி ஆள் அந்தப் பக்கம் போயாச்சு. செத்தவங்க நாட்டுல எல்லாமே தலைகீழ். அங்க நின்னுக்கிட்டு வெட்டுன்னா, இங்க விடுன்னுதான் எடுத்துக்கணும்."

"அப்ப காலைல கஞ்சி கேட்டாரே?"

"வேணாம்னு சொல்லியிருக்காரு. உனக்குத்தான் புரியலை. அத்தான் சட்டையப் பாரு."

எல்லாரும் செகேயின் சட்டையைப் பார்த்தார்கள். பிணம் கிடக்கிற வீட்டில் சிரிக்கக் கூடாது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

மறுநாள் இடுகாட்டில் வேறு வம்பு. செத்தவருக்கு வழி சொல்லி அனுப்புவது மருமகன் வேலை. அந்த நாட்டில் எல்லாம் தலைகீழ் என்பதால் கிழக்கைக் காட்டி மேற்கு என்பார்கள், மரத்தின் நுனியைக் காட்டி வேர் என்பார்கள். செகே வாயைத் திறக்கப் போகும்போது ஊர்ப் பெரியவர் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் இரு. இந்த மனுசன் என்னைக்கு சொன்னதைக் கேட்டிருக்காரு? நாம வடக்குன்னா தெற்கும்பாரு. இப்ப நீ வழக்கம்போல தலைகீழா சொன்னா, அதையும் ஏட்டிக்குப் போட்டியா திருப்பிப்போட்டு நேரா வீட்டுக்கு வந்து நிப்பாரு."

"அப்ப நேராவே சொல்லிருவமா?"

"நேரா சொல்லி, அவரு செத்த பிறகு திருந்தியிருந்தாருன்னா?"

பெரியவரின் கவலை நியாயமானதுதான். சோறு வடிக்கும் நேரம் அளவுக்கு வாதம் நடந்தது. அரிசிச் சாராயம் ஒரு சுற்று வந்தது. அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மாமியார் மெல்லச் சொன்னாள்.

"வந்தா வரட்டுமே."

பெரியவர் செகேயின் கையை விட்டார்.

செகே வழக்கப்படியே சொன்னான். மரத்தின் நுனியைக் காட்டி, "மாமா, அது வேரு" என்றான். வேரைக் காட்டி, "இது நுனி" என்றான். கிழக்கை மேற்காக்கினான். எல்லாம் முடிந்த பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "சரிவ என்ன மாமா பண்ணட்டும்?" என்று கேட்டான். மாமனார் முதல் தடவையாக எதிர்த்துப் பேசவில்லை. அப்போதுதான் செகேக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் காலையில் முகீதான் முன்னால் நடந்தாள். அரிவாளை முந்தின நாளே தீட்டிவைத்திருந்தாள். பின்னால் நோபே, செகே, சடங்குக்காகப் பெரியவர். முகீ சிறுபிள்ளையில் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டு வந்ததோடு சரி. பிறகு சரிவுக்குள் காலே வைத்ததில்லை. உள்ளே நுழைந்ததும் வெயில் நின்றுபோனது. கால் பதிந்த இடமெல்லாம் ஈரச் சருகு. அவள் அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தாள்.

"இங்க முழுக்கப் புல்லுதானே இருந்துச்சு?" என்றாள்.



முதல் வெட்டுக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். குரைக்கும் மான் கத்திவிட்டால் அந்த நிலத்தை அந்த வருஷம் தொடக் கூடாது. உட்கார்ந்தார்கள். இலை விழுகிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு பழம் சொத்தென்று விழுந்தது. மானுக்கு அன்று கத்துகிற எண்ணமே இல்லை. பெரியவர் முழங்காலில் கை ஊன்றி எழப்போனார்.

"கத்துச்சு," என்றான் செகே.

"எது?"

"மான். அந்தப் பக்கம்."

செகேக்குப் பொய் சொல்லத் தெரியாது. காது இரண்டும் சிவந்துவிட்டன. பெரியவர், "எனக்கு ஒண்ணும் விழலையே" என்றார். நோபே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற இருவரும் முகீயைப் பார்த்தார்கள். பொய் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், செகே முன்னால் நின்று முதல் மரத்தை வெட்டியாக வேண்டும்.

முகீ மடியிலிருந்த அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குக் கேட்டுச்சு," என்றாள். "ரெண்டு தடவ."

"சாயம் பூசிட்டுப் போயிருவாங்களேம்மா," என்றார் பெரியவர்.

"மான் கத்திட்டா நாம என்ன பண்ண முடியும்?"

அவள் எழுந்து அரிவாளை உறையில் செருகிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். வழியில் முள்கொடி ஒன்று குறுக்கே தொங்கியது. அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற மூவரும் குனிந்து போகிறவரை நின்றாள்.