மார்கழிக் கல்யாணம்

கம்பெனி ஃபாரத்தில் ‘மனைவி’ என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. அந்தத் தொண்ணூற்று மூன்று டிசம்பர் முடிவதற்குள் பெயர் சேர்த்தால்தான் மருத்துவ இன்சூரன்ஸ். விட்டால் அடுத்த வருஷம்தான். தங்கவேலுக்கும் கொரட்டூர் புஷ்பாவுக்கும் கல்யாணம் தை மாதம். நடுவில் மார்கழி அல்லவா உட்கார்ந்திருக்கிறது! மண்ணூர்பேட்டையில் எவளாவது மார்கழியில் மகனுக்குக் கல்யாணம் பண்ணுவாளா? அதுவும் ஒற்றைப் பிள்ளையைப் பெற்ற பார்வதமா?

“புஷ்பாவுக்கு இடது காது கேக்கலம்மா. ஆபரேசன் பண்ணா கேக்குமாம். கம்பெனியே பாத்துக்கும்,” என்றான் தங்கவேல்.

“ஒரு வருசம் பொறுத்தா இன்னா, காது ஓடியா பூடும்?”

“லேட் பண்ணா அப்பால ஆபரேசனுக்கும் அடங்காதுன்றாரு டாக்டரு.”

மறுநாள் காலை பார்வதம் கொரட்டூருக்கே போய்விட்டாள், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட. புஷ்பா காபி கொண்டுவந்தாள்.

“சக்கர கம்மிமா,” என்று தணிந்த குரலில் சொன்னாள், அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பார்வதம்.

புஷ்பா சிரித்துத் தலையாட்டினாள். இடத்தைவிட்டு நகரவில்லை. ஐயோ, பெண்ணுக்கு ஒரு சொல்கூட விழவில்லை! சிரித்தே சமாளித்துப் பழகியிருக்கிறாள். இவளையா ஒரு வருஷம் காக்க வைக்கப் பார்த்தோம்? பார்வதம் வந்த விஷயத்தைச் சொல்லாமலே, சர்க்கரை இல்லாத காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்தாள்.

சாயங்காலம் மகனைக் கூப்பிட்டாள்.

“தாலிக்குத்தாண்டா மாசம் பாக்கணும். மாலை மாத்தறதுக்கு இன்னா மாசம்? சீர்திருத்தக் கல்யாணம் பண்ணி, பதிவு பண்ணிக்கினு, ஃபாரத்த குட்த்துடு. காது ஆறட்டும், தாலிய பங்குனில கட்டு.”

“அதுவரிக்கும் நாங்க எங்கம்மா இருக்கறது?”

“அவ அவங்க ஊட்ல, நீ நம்ம ஊட்ல. பல்லக் காட்டாத!”

எதிர்வீட்டுத் துலுக்கானம் தலைமையில் வாடகை நாற்காலிகளுக்கு நடுவே மாலை மாற்றிக்கொண்டார்கள். ஃபாரம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. தை பிறந்ததும் ஆபரேசன். காது நன்றாக ஆறின பிறகுதான் பலன் தெரியும் என்றார் டாக்டர்.

பங்குனியில் முறைப்படி தாலி ஏறியது. மேளம் ஓய்ந்ததும், மணப்பெண்ணின் இடப்பக்கம் நின்ற பார்வதம் பழைய தைரியத்தில் முணுமுணுத்தாள்.

“ஒரே பொண்ணுக்கு ரெண்டு தபா கல்யாணம். எங்கனா உண்டா இந்தக் கூத்து?”

புஷ்பா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

“நீங்கதான அத்தே பண்ணி வெச்சீங்க.”

பார்வதம் குனிந்து அவளுடைய இடது காதைப் பார்த்தாள். அப்புறம் மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

“டேய் தங்கவேலு! உம் பொண்டாட்டிக்குக் கேட்டுச்சுடா!”